கைப்பிடி தூரம்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவில் ஓர் அலுமினியக் குண்டான் இருக்கிறது. அதை ஒட்டி ஒரு கோல்ஃப் பந்து கிடக்கிறது. ஏழு வாரமாக அதை யாரும் தொடவில்லை. கீழ் வீட்டு மாமி வடாம் காயப்போட மாடிக்கு வந்தால்கூட அதைச் சுற்றித்தான் துணி விரிக்கிறார். போன வாரம் பெய்த மழையில் குண்டானில் கால்வாசி தண்ணீர் நின்றது. அதைக் கவிழ்த்தால் பந்து நகர்ந்துவிடுமோ என்று ஒரு டம்ளரால் மொண்டு மொண்டு ஊற்றினேன்.

நான் பிறந்து வளர்ந்தது எடமலைப்பட்டி புதூர். அங்கிருந்து மதுரை ரோட்டில் கொஞ்ச தூரம் போய் உள்ளே திரும்பினால் ஒன்பது குழி உள்ள ஒரு கோல்ஃப் மைதானம். டிவியில் காட்டுகிற பச்சைக் கம்பளம் மாதிரி நினைத்துக்கொள்ளக் கூடாது. பாதி பொட்டல், பாதி வேலிக்காத்தான். குழியைச் சுற்றிலும் புல் கிடையாது. அவ்வளவு தண்ணீருக்கு எங்கே போவது? ஆற்று மணலைச் சலித்து, பழைய என்ஜின் ஆயிலைக் கலந்து, வட்டமாகப் பரப்பித் தட்டி இறுக்கி வைத்திருப்பார்கள். அதற்குப் பிரவுன் என்று பெயர். யார் நடந்தாலும் கால் தடம் பதிந்துவிடும். ஒரு குழு ஆடிவிட்டுப் போனதும், அடுத்த குழு வருவதற்குள் அதைச் சமன் செய்ய வேண்டும். நீளக் கம்பின் நுனியில் சாக்கைக் கட்டி, குழியிலிருந்து ஆரம்பித்து வட்டம் வட்டமாக வெளியே இழுத்துக்கொண்டு வர வேண்டும். கோலம் போட்டவள் தன் கால் படாமல் பின்னால் நகர்கிற மாதிரி. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் இருந்த எனக்கு, பத்தொன்பது வயதில் கிடைத்தது அந்தச் சாக்கு இழுக்கிற வேலை. யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

திங்கட்கிழமை மைதானத்துக்கு விடுமுறை. உறுப்பினர்கள் வர மாட்டார்கள். அன்றைக்கு, மற்ற நாட்களில் அவர்களுடைய பைகளைத் தூக்கிக்கொண்டு நடக்கிற ஆட்கள் ஆடுவார்கள். நிர்வாகத்தில் கண்டும் காணாமல் விட்டுவிட்டார்கள். ஆனால் ஒன்பதாவது பிரவுனைச் சுற்றி மட்டும்தான், அதை விட்டு வேறெங்கும் போகக் கூடாது. இடமும் சின்னது, பந்தடிக்க ஆளுக்கு ஒரு பழைய ஸ்டிக்தான். அதனால் ஓங்கி அடிப்பதற்கு வழியில்லை. பந்தைச் சின்னதாகத் தூக்கிப் பிரவுனில் போடுவது, பிறகு உருட்டிக் குழிக்குள் தள்ளுவது, அவ்வளவுதான் ஆட்டம்.

வீட்டு முற்றம் அளவே இருந்த அந்த இடத்துக்குள் அவர்கள் எத்தனை விதமாக ஆடினார்கள் என்று இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. ஒரு வாரம் மூணு புள்ளி. முதலில் பிரவுனில் ஏறியவருக்கு ஒன்று, குழிக்குக் கிட்டே நிறுத்தியவருக்கு ஒன்று, முதலில் உள்ளே போட்டவருக்கு ஒன்று. இன்னொரு வாரம் ஆளுக்கு ரெண்டு பந்து. ரெண்டில் எது மோசமாகப் போனதோ அதைத்தான் தொடர்ந்து ஆட வேண்டும். எனக்குப் பிடித்தது உதை ஆட்டம். ஆட்டம் முடிவதற்குள் ஒரே ஒரு தடவை, எதிராளியின் பந்தைக் காலால் உதைத்துத் தள்ளிவிடலாம். எப்போது உதை விழும் என்று தெரியாமல் ஆளாளுக்குத் தங்கள் பந்தைக் கோழிக்குஞ்சு மாதிரிக் காத்துக்கொண்டு நிற்பார்கள்.

"ஏன் மாப்ள என் பந்துகிட்டயே நிக்கற?"

"நெழலுக்கு நிக்கறேன்."

"உன் நெழலுதானடா அது!"

நான் வேலிக்காத்தான் ஓரம் சாக்கைத் தட்டுகிற மாதிரி நின்றுகொண்டு எல்லாவற்றையும் பார்ப்பேன்.

இரண்டு விஷயத்தில் மட்டும் அவர்கள் விளையாட்டுக்குக்கூட விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஒன்று, ஆட்டம் சமமாக நின்றால் அதே இடத்தில் முடித்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போக வேண்டும். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது. ஒருமுறை தூறலில் நனைந்துகொண்டே முடித்தார்கள்.

இன்னொன்று கைப்பிடி தூரம். பந்து குழிக்கு மிகவும் கிட்டே, ஸ்டிக்கின் கைப்பிடி நீளத்துக்குள் நின்றுவிட்டால், எதிராளி "எடுத்துக்க" என்று சொல்லிவிடுவார். குழிக்குள் விழுந்த மாதிரியே கணக்கு. அவராகச் சொல்ல வேண்டும். நாமாக வாயைத் திறந்து கேட்கக் கூடாது. கேட்டால் அதைவிட அவமானம் இல்லை. ஒரு ஆள் ஒருமுறை, "இத குடுத்துடுங்கப்பா, ஒட்டித்தானே நிக்குது" என்று கேட்டுவிட்டார். தொலைந்தார். அதற்குப் பிறகு அவர் எதைக் கேட்டாலும், தீப்பெட்டி கேட்டால்கூட, பின்னாலிருந்து யாராவது "அம்மா தாயே" என்று ராகம் போடுவார்கள். அவருக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்து, அந்தக் குழந்தைக்குக் காது குத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தபோதும் பாடினார்கள்.

ஒரு திங்கட்கிழமை ஜோடி ஆட்டம் என்று முடிவாகியிருந்தது. இரண்டு பேருக்கு ஒரே பந்து. ஒருவர் அடித்த இடத்திலிருந்து மற்றவர் அடிக்க வேண்டும். அன்றைக்கு ஒரு ஆள் குறைந்தது. ஒற்றையாக நின்றவர் ஒல்லியாக, உயரமாக இருப்பார். அதிகம் பேச மாட்டார். அவர் என் பக்கம் கையைக் காட்டினார்.

"சாக்கு இழுக்கற பொண்ணு இருக்குல்ல, அத கூப்பிடுங்க."

"பொண்ணா? அது அடிக்குமா?"

"நீயே அடிக்கற. அது அடிக்காதா?"

"சும்மா இருங்கண்ணே, அது பேசவே பேசாது."

"பேசறதுக்கா கூப்பிடறேன்? இந்தப் பிரவுனு எந்தப் பக்கம் சாயுதுன்னு நம்ம எல்லாரையும் விட அதுக்குத்தான் தெரியும்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஓடிவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் அவர் சொன்னது உண்மை. தினமும் பத்துத் தடவை அந்த வட்டத்தை இழுத்தவளுக்கு அது எங்கே தாழ்கிறது, எங்கே மணல் இறுகியிருக்கிறது என்று தெரியாமல் போகுமா? அவர் பந்தைத் தூக்கிப் போட்டார். நான் உருட்டினேன். உள்ளே போயிற்று. அடுத்ததும் போயிற்று. அன்று நாங்கள்தான் ஜெயித்தோம்.

அவர் போடுகிற பந்து எப்போதும் எனக்குச் சுலபமான பக்கத்திலேயே வந்து நிற்கும். மேடு ஏறுகிற மாதிரி, நேராக, கொஞ்ச தூரத்தில். என் அதிர்ஷ்டம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கேட்டேன் என்றா சொன்னேன்? அவராகச் சொன்னார். "நான் குழியப் பாத்து அடிச்சதே இல்ல. உனக்கு எங்கேர்ந்து வசதியோ அங்க பாத்துத்தான் அடிப்பேன்" என்றார். இரண்டு வருஷம் அப்படி ஒரே பந்து ஆடினோம். பிறகு அவர் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள்.

கேட்பது என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. டவுன் பஸ்ஸில் என் ஸ்டாப் வந்தால் "இறங்கணும்" என்று சொல்ல வாய் வராது. வேறு யாராவது இறங்குகிற ஸ்டாப் வரைக்கும் போய், அங்கிருந்து நடந்து திரும்பி வருவேன். தென்னூரில் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தபோது, பந்தியில் எனக்கு மட்டும் சாதம் வைக்காமல் தாண்டிப் போய்விட்டார்கள். இலையில் இருந்த கூட்டையும் அப்பளத்தையும் சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்தேன். வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அவர்தான், "சாதத்தத் தொட்ட மாதிரியே தெரியலியே உன் கை" என்று என் விரலைப் பார்த்துச் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியில் வண்டியை நிறுத்திப் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். நான் கேட்காததையெல்லாம் அப்படி அவர் பார்த்துப் பார்த்துச் செய்ததால், எனக்குக் கேட்கப் பழக வேண்டிய அவசியமே வரவில்லை.

ஆனால் பக்கத்தில் இருந்தால்தானே விரலைப் பார்க்க முடியும்?

மகளுக்குக் கல்யாண வயது வந்தபோது, மைதானத்து உறுப்பினர் ஒருவர் சொல்லி, அவருக்கு வளைகுடாவில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் பராமரிக்கிற வேலை கிடைத்தது. இரண்டு வருஷம் என்று போனார். மகளை மணப்பாறையில் கட்டிக் கொடுத்தோம். கல்யாணம் முடிந்து அவர் திரும்பிப் போய் இன்னொரு இரண்டு வருஷம். பிறகு இன்னொன்று. நடுநடுவே ஒரு மாத லீவு. நான் புதூரைக் காலி செய்துவிட்டு ஸ்ரீரங்கத்துக்கு வந்தேன். இங்கே ஒரு மெஸ்ஸில் காய் நறுக்குகிற வேலை, விடியற்காலையில் போனால் இரண்டு மணிக்குள் வீடு. மாடியில் ஒரே அறை. சுற்றி மொட்டை மாடி. வீட்டுக்கார மாமி கீழே தனியாக இருக்கிறார். வாயில் எந்நேரமும் பெருமாள், கண்ணில் எந்நேரமும் தெரு.

அவர் வளைகுடாவுக்குப் போகும்போது தன்னுடைய வெட்ஜை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். பந்தைத் தூக்கிப் போடுவதற்கென்றே முகம் சாய்ந்திருக்கிற ஸ்டிக் அது. கைப்பிடியில் கறுப்பு டேப் சுற்றியிருக்கும். ஒரு மஞ்சப்பையில் பன்னிரண்டு பழைய பந்து. "சும்மா வச்சுக்க" என்றார்.

அந்த நாட்டில் போன் ஆப்பில் பேச்சு போகாது. குரலைப் பதிந்து அனுப்பினால் மட்டும் போகும். அவர் பேசி அனுப்புவார், நான் கேட்டுவிட்டு "சரிங்க" என்று அனுப்புவேன். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." "மழையா?" "இல்லீங்க." இப்படியே ஒரு வருஷம் போயிற்று. ஒரு நாள் மத்தியானம் என்ன தோன்றியதோ, மாடியில் தேங்காய்நார் மிதியடியைப் போட்டு, குண்டானைத் தள்ளி வைத்து, ஒரு பந்தைத் தூக்கிப் போட்டேன். மூன்றாவது பந்து விழுந்தது. ணங் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை மட்டும் மறுபடி அடித்துப் பதிந்து அனுப்பினேன். பேசவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து அவரிடமிருந்து வந்தது. அதிலும் பேச்சில்லை. தொப் என்று ஒரு சத்தம். பிளாஸ்டிக் பக்கெட். பின்னால் எங்கேயோ தண்ணீர் பீய்ச்சுகிற ஓசை.

அப்படித்தான் ஆரம்பித்தது. தினமும் அவருக்கு வேலை முடிகிற நேரம், எனக்குத் துணி எடுக்கிற நேரம். ஒரு நாள் ஆட்டத்தை அவர் சொல்வார், மறுநாள் நான். "இன்னிக்கு ஒத்தக் கை." "இன்னிக்குக் கண்ண மூடிக்கிட்டு." "நாளைக்குக் கொடில காயற சேலைக்கு மேல தூக்கிப் போடணும். நான் இங்க பைப்புக்கு மேல போடறேன்." தான் ஆடி முடிக்கும் முன் மற்றவர் அனுப்பியதைக் கேட்கக் கூடாது என்று ஒரு விதி. ணங், தொப், தவறினால் தரையில் டக் டக் டக். பொய் சொல்ல வழியில்லை, சத்தமே சொல்லிவிடும். விளிம்பில் பட்டால் டிங் என்று ஒரு சின்னச் சத்தம் வரும். பிறகு இரண்டு நொடி ஒன்றுமே கேட்காது. அந்த இரண்டு நொடியில் அவர் மூச்சு விடுவது கேட்கும். அதற்காகவே சில பதிவுகளை நான் நாலைந்து தடவை கேட்டிருக்கிறேன்.

மாமி ஒரு நாள் படியேறி வந்துவிட்டார்.

"ஏண்டிம்மா, மாடில என்ன இடி இடிக்கறே? கூடத்துல சேவிச்சிண்டிருக்கேன், தலைக்கு மேல டொக்கு டொக்குங்கறது!"

சொன்னேன். பாதி புரிந்தது அவருக்கு.

"அவர் அங்கே, நீ இங்கே, நடுவுல சமுத்திரம். இதுல பந்து விளையாட்டா?" என்று என் கையிலிருந்த ஸ்டிக்கை வாங்கிப் பார்த்தார். "எங்கே, ஒண்ணு போடு பாப்பம்."

போட்டேன். ணங்.

"பெருமாளே!" என்றார். மறுநாளிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்து உட்கார ஆரம்பித்தார்.

இந்த முறை மூன்றாவது ஒப்பந்தம் முடிகிற சமயம் அவரிடமிருந்து ஒரு நீளமான பதிவு வந்தது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், வியாழக்கிழமைக்குள் சொல்ல வேண்டும், வேலை நல்ல வேலைதான், ஊருக்கு வந்தால் இந்த வயதில் என்ன கிடைக்கும் என்று தெரியவில்லை. "நீ என்ன சொல்றே?" என்று முடித்திருந்தார்.

வாங்க என்று சொல்ல வேண்டும். ஒரே வார்த்தை. போனை வாயருகில் வைத்துக்கொண்டு பட்டனை அழுத்தினேன். "ஏங்க" என்று ஆரம்பித்தேன். அழித்தேன். மறுபடி அழுத்தினேன். கீழே குக்கர் சத்தம் கேட்டது, அதோடு சேர்ந்து போய்விட்டது, அழித்தேன். ஐந்தாவது தடவை, "உங்க இஷ்டங்க" என்று அனுப்பிவிட்டேன்.

ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. பந்துச் சத்தமும் இல்லை. மறுநாள் வந்தது.

"நீ ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறே. நான் அங்க இல்லாதது உனக்குப் பழகிப்போச்சா, இல்ல வரணுமான்னு எனக்கு எப்படித் தெரியும்? சரி, ஆடிப் பாத்துருவோம். ஒம்பது பந்து. மூணு பத்தடிலேர்ந்து, மூணு இருபதடிலேர்ந்து, மூணு கொடிக்கு மேல. புதன்கிழமை. நீ ஜெயிச்சா நான் வந்துடறேன். நான் ஜெயிச்சா கையெழுத்துப் போட்டுடறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அவர் ஆட்டத்தில் சொன்ன வார்த்தையை மாற்றியதில்லை. ஒன்பதுக்கு ஒன்பது ஆடினால் பத்து நாளில் எட்டு நாள் அவர்தான் ஜெயிப்பார். எனக்கு நாலு நாள் இருந்தது.

மெஸ்ஸிலிருந்து வந்ததும் மாடிதான். இருபதடி தூரம் சரியாக வந்தது. கொடிக்கு மேல் தூக்குவதுதான் தகராறு. பந்துக்கு அடியில் ஸ்டிக் பதமாக நுழைய வேண்டும். மிதியடியில் அது எகிறி எகிறி வந்தது. மணலில் பழகினால் கை சரியாகும் என்று தோன்றியது. மணல் என்றால் கொள்ளிடம். ஞாயிற்றுக்கிழமை காலை வெட்ஜைக் குடை உறையில் செருகிக்கொண்டு போனேன். தண்ணீர் அக்கரைப் பக்கம் ஓடியது. இந்தப் பக்கம் வெறும் மணல். ஆள் இல்லாத இடமாகப் பார்த்து நாலைந்து அடித்திருப்பேன்.

"என்னம்மா தோண்டறீங்க?"

நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர். கழுத்தில் மப்ளர். பின்னால் அவருடைய நண்பர். நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கோல்ஃப் பழகுகிறேன் என்பதில் என்ன இருக்கிறது? வாய், "மோதிரம் விழுந்துடுச்சுங்க" என்றது.

"அடடா! தங்கமா?"

தலையை ஆட்டினேன்.

"எங்க நின்னப்ப விழுந்துச்சு? நகராதீங்க, நகராதீங்க, மிதிச்சீங்கன்னா உள்ள போயிடும்" என்று இருவரும் குனிந்துவிட்டார்கள். குளித்துவிட்டு ஈரத்துணியோடு வந்த ஒரு அம்மாவும் சேர்ந்துகொண்டார். அரை மணி நேரம் நான்கு பேரும் கொள்ளிடத்து மணலைச் சலித்தோம். இல்லாத மோதிரத்தை நானும் தேடினேன். மப்ளர்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். "வேணாங்க, போகட்டும்" என்றுதான் சொன்னேன்.

"போகட்டுமாவா? உங்க வீட்டுக்காரர் கேட்டா என்னம்மா சொல்லுவீங்க?"

"அவர் ஊர்ல இல்லீங்க."

"அதான பாத்தேன்" என்றார் நண்பர்.

மறுநாள் மாமி படியேறி வரும்போதே கேட்டார். "ஆத்துல மோதிரத்தத் தொலைச்சியாமே? தெருவே பேசிக்கறது. நோக்கு ஏதுடி மோதிரம்?"

சொன்னேன். மாமி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, "நல்ல வேளை, ஸ்டிக்க எடுத்துண்டு போனே. கடப்பாறைன்னா புதையல்னு போலீஸே வந்திருக்கும்" என்றார்.

புதன்கிழமை மத்தியானம் அவருடைய பதிவு ஏற்கெனவே வந்திருந்தது. நான் ஆடாமல் அதைக் கேட்கக் கூடாது. போனைத் தண்ணீர்த் தொட்டி மேல் வைத்து என் ஆட்டத்தைப் பதிய விட்டேன். மாமி குடையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் வாயே தெறக்கல" என்றார்.

பத்தடியில் முதல் இரண்டும் ணங், ணங். மூன்றாவது டக் டக் டக்.

"ரெண்டு" என்றார் மாமி.

இருபதடி. முதல் பந்து தவறியது. அவர் அடிப்பதற்கு முன் ஒருமுறை கட்டை விரலால் கைப்பிடி டேப்பைத் தடவுவார். அது ஞாபகம் வந்து நானும் தடவினேன். அந்த இடத்தில் டேப் வழவழப்பாக, லேசாகக் குழிந்திருந்தது. அவர் விரல் தேய்த்த இடம். அடுத்த இரண்டும் விழுந்தன.

"நாலு."

கொடிக்கு மேல். மாமியின் மடிசார்ப் புடவையே காய்ந்துகொண்டிருந்தது. முதல் பந்து புடவையில் பட்டு விழுந்தது. இரண்டாவது மேலே போய், நேராகக் குண்டானுக்குள் இறங்கியது. ஐந்து. கடைசிப் பந்து. அடித்த உடனே கைக்குத் தெரிந்துவிடும், இது சரி என்று. அழகாக ஏறியது. அழகாக இறங்கியது. உள்விளிம்பில் டிங் என்று பட்டு, ஒரு சுற்று சுற்றி, வெளியே வந்து விழுந்து, குண்டானை ஒட்டி நின்றது. போய்ப் பதிவை நிறுத்தினேன்.

"உள்ளே போய்த்தானே வெளில வந்துது? அது கணக்குதான்" என்றார் மாமி.

"இல்ல மாமி. அஞ்சுதான்."

பதிவை அனுப்பிவிட்டு அவருடையதைப் போட்டேன். இரண்டு பேரும் போனைச் சுற்றிக் குனிந்து கேட்டோம். தொப். தொப். டக். தொப். தொப். தொப். பிறகு பைப்புக்கு மேல் மூன்று. டக். டக். கடைசியில், தொப்.

மாமி விரல்களை எண்ணிப் பார்த்தார். மறுபடி எண்ணினார். குடையை மடக்கினார். "பால் வெச்சுட்டு வந்தேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பால் காலையிலேயே காய்ச்சியாகிவிட்டது என்பது எனக்குத் தெரியும்.

ஆறு. நான் ஐந்து. ஒரு பந்தில் இரண்டு வருஷம்.

அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். சூடு தெரியவில்லை. எதிரே குண்டான், அதை ஒட்டிப் பந்து. வெட்ஜைப் படுக்க வைத்து அளந்து பார்த்தேன். கைப்பிடி தூரம்கூட இல்லை. அதில் கால்வாசி. திங்கட்கிழமை மைதானத்தில் இப்படி நின்றிருந்தால் அவர் பார்த்தவுடனே "எடுத்துக்க" என்று சொல்லியிருப்பார். ஆனால் அவருக்கு டிங் என்ற சத்தமும் டக் என்ற சத்தமும்தான் கேட்டிருக்கும். பந்து எங்கே நிற்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் சொன்னால்தான் தெரியும். சொன்னால் அது கேட்டதாகிவிடும்.

"அம்மா தாயே" என்ற அந்த ராகம் காதில் கேட்டது. காது குத்துப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அந்த மனிதரின் முகம் ஞாபகம் வந்தது.

போனை எடுத்தேன். பட்டனை அழுத்தினேன். அழிக்கவில்லை.

"ஏங்க. கடைசிப் பந்து உள்ள பட்டு வெளிய வந்து நிக்குதுங்க. குண்டான ஒட்டியே நிக்குது. கைப்பிடி தூரம்கூட இல்ல. அளந்து பாத்தேன்." போனை இன்னும் கிட்டே பிடித்தேன். "அதக் குடுத்துடுங்க. எனக்கு அது வேணும்."

அனுப்பிய பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். நிமிர்த்திப் பார்த்தால் இரண்டு நீலக் கோடு. கேட்டுவிட்டார். கோபுரத்துப் பக்கமிருந்து கிளிகள் கத்திக்கொண்டு போயின. கொடியிலிருந்த மாமியின் புடவையை எடுத்து மடித்தேன். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தேன்.

வந்தது. முதலில் வெறும் காற்றுச் சத்தம். பிறகு அவர் தொண்டையைச் செருமினார்.

"இத்தன வருஷத்துல நீ வாயத் தெறந்து ஒண்ணு கேட்டு நான் கேட்டதில்ல" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. அதைச் சரி செய்துகொள்ள, "அம்மா தாயே" என்று ராகமாக இழுத்தார். இழுத்துக்கொண்டே சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "எடுத்துக்க."

அடுத்த பதிவு உடனே வந்தது.

"ஆறுக்கு ஆறு. சமம். சமம்னா நிக்கற எடத்துலயே முடிச்சிட்டுத்தான் டீ. பந்து அங்கல்ல நிக்குது? நான் அங்க வந்தாத்தான முடிக்க முடியும்? கையெழுத்துப் போடலன்னு சொல்லிடறேன். பந்த எடுக்காத. அப்படியே கெடக்கட்டும்."

மாமியிடம் சொல்லக் கீழே போனேன். அவர் படியின் கடைசியில் நின்றுகொண்டிருந்தார், பால் பாத்திரம் எதுவும் இல்லாமல்.

இதெல்லாம் நடந்து ஏழு வாரம். அவர் இன்னும் வரவில்லை. மாற்று ஆள் வந்து வேலை பழகிய பிறகுதான் விடுவார்களாம். அடுத்த மாதம் என்றார்கள். இப்போது அதற்கடுத்த மாதம் என்கிறார்கள். இனி நேரில்தான் என்று சொல்லி ஆட்டத்தையும் நிறுத்திவிட்டார். அதனால் மத்தியானத்தில் தொப் என்ற சத்தம் வருவதில்லை. அது இவ்வளவு வெறிச்சென்று இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. துணி எடுக்க மாடிக்குப் போகும்போது பழைய பதிவு ஒன்றைப் போட்டுக் கேட்கிறேன். டிங், இரண்டு நொடி, அவர் மூச்சு. அவருடைய செருப்பு வைக்க வாசலில் ஒரு இடம் ஒழித்து வைத்திருக்கிறேன். மாமி கோயிலுக்குப் போகும்போது, "இன்னிக்காவது தேதி சொன்னாரா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

தினமும் வேலை முடிந்ததும் அவரிடமிருந்து ஒரு பதிவு வருகிறது. ஒரே கேள்விதான்.

"பந்து அங்கயே இருக்கா?"

மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.

"இருக்குங்க. வாங்க."